நாணலிடம் வாங்கிய கடன்: ஒரு கரும்பு ரகம் எப்படிப் பிறக்கிறது?



போன எபிசோடில் பேட்டரி, ஹைட்ரஜன் என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, கரும்பிலிருந்து எரிபொருள் எடுக்கும் கதையைக் கடைசி அஞ்சு நிமிஷத்தில் தொட்டுட்டு ஓடிட்டோம். "அதை ஒழுங்கா எழுதுங்க"ன்னு கேட்டவங்களுக்கு இந்த மடல். எனக்கும் இதில் ஒரு சொந்தக் கணக்கு இருக்கு. விழுப்புரம் பக்கம் என் மாமா கரும்பு போடுறார். சில வாரம் முன்னாடி வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட் வந்தது: "மாப்ள, ஆலையில புது ரகம் போடுங்கன்றாங்க. பழைய ரகம் ஓய்ஞ்சு போச்சாம். நீதான் டெக்னாலஜி அது இதுன்னு பேசுறியே, எதைப் போடலாம், சொல்லு."

எனக்குப் பதில் தெரியலை. ரகம் என்றால் என்ன என்பதே சரியாத் தெரியாதுங்கிறதுதான் உண்மை. தேட ஆரம்பிச்சேன். தேடல் கோயம்புத்தூரில் தொடங்கி, டூட்டிங்கிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு பூங்காவில் கொண்டுபோய் விட்டது. அதைத்தான் சொல்லப் போறேன்.

முதலில் அடிப்படை. ஜனவரி இரண்டாம் வாரம் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் கடை வாசல்களில் பொங்கல் கரும்பு சாய்ந்து நிற்குமே, அதில் ஒன்றை வாங்கி உற்றுப் பாருங்க. ஒவ்வொரு கணுவிலும் ஒரு சின்ன மொட்டு இருக்கும். அதற்குப் பெயர் பரு. அந்தப் பருவோடு ஒரு துண்டை வெட்டி மண்ணில் படுக்க வைத்தால் புதுக் கரும்பு முளைக்கும். விவசாயி நடுவது விதை இல்லை, இந்தத் துண்டுதான். கரணை என்பார்கள். வெட்டிய பிறகு நிலத்தில் நிற்கும் அடிக்கட்டையே மறுபடி துளிர்க்கும், அது மறுதாம்பு. இரண்டிலும் நடப்பது காப்பி பேஸ்ட். மாமாவின் வயலில் நிற்கும் ஆயிரக்கணக்கான கரும்பும் மரபணு அளவில் ஒரே ஒரு செடி. பக்கத்து ஊர் வயலில் அதே ரகம் என்றால் அதுவும் அதே செடி.

காப்பி பேஸ்ட்டில் ஒரு வசதி: நல்ல ஒன்று கிடைத்துவிட்டால் அதை அப்படியே லட்சம் ஏக்கருக்குப் பரப்பலாம். ஒரு சிக்கல்: புதுசு எதுவும் பிறக்காது. புதுசு பிறக்கணும்னா கரும்பு பூக்கணும், பூவில் மகரந்தம் சேரணும், விதை பிடிக்கணும். கரும்பு விதை முளைக்காது என்றுதான் தோட்டக்காரர்கள் ரொம்ப காலம் நம்பியிருந்தார்கள். 1880களின் கடைசியில் ஜாவாவிலும் பார்படோஸிலும் தனித்தனியாக, முளைக்கும் என்று கண்டுபிடித்தார்கள். பஞ்சு மாதிரி பறக்கும் அந்த விதை அவ்வளவு சின்னது; ஒரு சிட்டிகையில் எத்தனை இருக்கும்னு எண்ணிப் பார்க்கப் பொறுமை வேணும்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். கரும்பு நம்ம ஊர்ப் பயிர்தானேன்னு நானும் நினைச்சிருந்தேன். பருமனான இனிப்புக் கரும்பின் பிறப்பிடம் நியூ கினியா. அதியமானின் முன்னோர் கரும்பை வேறிடத்திலிருந்து கொண்டுவந்ததாக ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டே சொல்லுது. ஆக, கரும்பும் குடியேறிதான், நம்மளை மாதிரி.

சரி, கோயம்புத்தூர்.

1912-ல் அங்கே ஒரு கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அன்று இந்தியா ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. கரும்பு அதிகம் விளைந்தது பஞ்சாப், உத்தரப்பிரதேசம், பீகார் பக்கம். ஆனால் அங்கே இருந்த ரகங்கள் சுண்டு விரல் பருமன்தான். பருமனான, சாறு நிறைந்த தெற்கத்திக் கரும்பை அங்கே நட்டால் குளிரிலும் வறட்சியிலும் படுத்துவிடும். அப்படியானால் வடக்குக்கான நிலையத்தை ஏன் கோயம்புத்தூரில் வைத்தார்கள்? ஏனென்றால் வடக்கில் கரும்பு ஒழுங்காகப் பூக்காது. கோயம்புத்தூரின் பகல் நீளமும் ஈரப்பதமும் பூவுக்குத் தோதானவை. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே கரும்பு வெள்ளி நிறக் கதிர் தள்ளும். சர்வரை எங்கே வைக்கிறோம் என்பது யூசர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்ததில்லை. கரன்ட்டும் குளிர்ச்சியும் எங்கே கிடைக்குதுங்கிறதைப் பொறுத்தது. அதே கதைதான்.

முதல் தலைவர் சார்ல்ஸ் ஆல்ஃப்ரட் பார்பர் என்ற ஆங்கிலேயர். வட இந்தியாவின் மெல்லிய கரும்புகளுக்குத் தாவரவியலில் இன்றும் இவர் பெயர்தான்: சக்காரம் பார்பெரி. உடன் வேலை பார்த்து, பின்னர் பல ஆண்டுகள் நிலையத்தை நடத்தியவர் டி.எஸ். வெங்கட்ராமன். பின்னாளில் சர் பட்டம் பெற்றார்.

அவர்கள் செய்தது அந்தக் காலத்துக்குத் துணிச்சலான காரியம். 'வெள்ளை' என்ற பருமனான இனிப்புக் கரும்பைத் தாயாக வைத்து, கோயம்புத்தூர் பக்கம் தானாக வளர்ந்து கிடந்த காட்டுப் புல்லின் மகரந்தத்தை அதில் சேர்த்தார்கள். அந்தப் புல் நமக்குத் தெரிந்த நாணல்தான். ஆற்றங்கரையில் வெள்ளைப் பூவோடு ஆடுமே, அது. தாவரவியல் பெயர் சக்காரம் ஸ்பான்டேனியம். சில ஊர்களில் பேய்க்கரும்பு என்றும் சொல்வார்கள். பட்டினத்தார் கையில் இருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்று ஒரு கதை உண்டு. வெங்கட்ராமன் அதையே மகரந்தம் வைத்துச் செய்து பார்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறந்த குழந்தைகளில் ஒன்றுக்குக் கோ 205 என்று பெயர். கோ என்றால் கோயம்புத்தூர். 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. உள்ளூர்க் கரும்பைவிடச் சுமார் பாதி அளவு கூடுதல் மகசூல். நாணலின் முரட்டு வேரும் தாங்கும் சக்தியும், தாயின் இனிப்பும் ஒரே கழியில்.

இதில் நம்ம மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கிற ஒரு கணக்கு இருக்கு. தாய்க் கரும்புக்கு 80 குரோமோசோம். அந்த நாணலுக்கு 64. பள்ளியில் படித்தபடி ஆளுக்குப் பாதி கொடுத்தால் 40-ம் 32-ம் சேர்ந்து 72 வரணும். ஆனால் கோ 205-ல் எண்ணினால் 112! தாய் பாதியைக் கொடுக்கவில்லை. தன்னிடம் இருந்த 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது. இது இந்தச் சேர்க்கைக்கே உரிய விசித்திரம். அதனால்தான் காட்டுப் புல்லோடு கலந்த பிறகும் இனிப்பு சீக்கிரம் திரும்பியது. பிள்ளையை மறுபடி இனிப்புக் கரும்போடு சேர்த்தால் நாணலின் பங்கு இன்னும் குறையும். இன்று உலகில் ஆலைக்குப் போகும் கரும்பில் நாணலின் பங்கு தோராயமாகப் பத்திலிருந்து இருபது சதவீதம். நோயைத் தாங்குவது, வெட்டினால் மறுபடி துளிர்ப்பது, வறட்சியில் சாகாமல் இருப்பது எல்லாம் பெரும்பாலும் அந்தச் சிறு பங்கின் உபயம்.

ஜாவாவில் டச்சுக்காரர்களும் இதே வேலையைச் செய்தார்கள். 1921-ல் அவர்கள் உருவாக்கிய பி.ஓ.ஜே 2878 என்ற ரகம் உலகமெங்கும் பரவியது. கோயம்புத்தூர் ரகங்களும் ஜாவா ரகங்களும் பிறகு ஒன்றோடொன்று கலந்தன. குவீன்ஸ்லாந்தில் இருந்தாலும் பிரேசிலில் இருந்தாலும் ஒரு ஆலைக் கரும்பின் வம்சத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், அந்தக் காலத்தில் செய்த ஒரு சில சேர்க்கைகளில் வந்து நிற்கும். காட்டுப் பக்கத்துத் தாத்தாக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்போ டூட்டிங் பக்கம்.

1934-ல் கோயம்புத்தூர் நிலையத்தில் ஒரு பெண் விஞ்ஞானி சேர்ந்தார். ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்த மலையாளி; சென்னையில் குயின் மேரிஸிலும் பிரசிடென்சி கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோம் எண்ணுவதுதான் அவருடைய துறை. எங்கெங்கிருந்தோ வந்த நாணல்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை போட்டார். எல்லா நாணலும் ஒன்றில்லை: 40 குரோமோசோம் உள்ளதும் உண்டு, 128 உள்ளதும் உண்டு. கரும்பைச் சோளத்தோடு, தர்ப்பை மாதிரியான புற்களோடு, மக்காச்சோளத்தோடு கூடச் சேர்த்துப் பார்த்தார். மக்காச்சோளச் சேர்க்கை 1938-ல் நேச்சர் இதழில் வந்தது. வெங்கட்ராமனோ மூங்கிலோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த விநோதச் சேர்க்கைகளில் எதுவும் மாமாவின் வயலுக்கு வரவில்லை. ஆனால் கரும்பின் சொந்தக்காரர்கள் யார் யார், யாரோடு யார் சேருவார்கள் என்ற குடும்ப வரைபடம் அப்போதுதான் கைக்கு வந்தது.

1939-ல் எடின்பரோவில் மரபியல் மாநாடு. அது நடந்துகொண்டிருக்கும்போதே போர் சூழ்ந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. 1940-லிருந்து 1945 வரை லண்டனில், மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை பார்த்தார். குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் பதுங்கிவிட்டு, காலையில் உடைந்த கண்ணாடியைப் பெருக்கி வேலையைத் தொடங்குவார் என்று சொல்வார்கள். அங்கேதான் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-ல் ஒரு பெரிய அட்லஸ் வெளியிட்டார். டேட்டாபேஸ் என்ற வார்த்தை புழக்கத்துக்கு வருவதற்கு முன்னாடியே ஒரு டேட்டாபேஸ். பிறகு விஸ்லி தோட்டத்தில் வேலை. அங்கே ஒரு மக்னோலியாவுக்கு அவர் பெயர் இருக்கு. நேருவின் அழைப்பில் இந்தியா திரும்பினார்.

நிறுவனம் பின்னர் மெர்ட்டனை விட்டுப் போய், இன்று நாரிச்சில் இருக்கிறது. மெர்ட்டனில் மிச்சம் ஜான் இன்னஸ் பூங்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் போய் நின்னேன். அவரைப் பற்றி எதுவும் என் கண்ணில் படலை. ஆனா வீட்டுக்கு வந்ததும் ஒரு விஷயம் உறைச்சுது. அம்மா கறிவேப்பிலைச் செடிக்கு வாங்குற மண் மூட்டையில் 'ஜான் இன்னஸ் நம்பர் 2'ன்னு போட்டிருக்கு. அதே நிறுவனம் 1930களில் கண்டுபிடிச்ச மண் கலவை. எத்தனை வருஷமா எங்க பால்கனியில் இருந்திருக்கு!

சரி, ரகத்துக்கு வருவோம். பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் நீங்கள் எந்தக் கரும்புக் கொல்லையில் போய்க் கேட்டாலும் காதில் விழும் எண் கோ 86032. முதல் இரண்டு இலக்கம் 1986. அந்த ஆண்டின் பட்டியலில் 32-ஆவது. சாஃப்ட்வேர் வெர்ஷன் நம்பர் மாதிரியே. இதன் பெற்றோரில் ஒன்று கோ.சி. 671, 'சி' கடலூருக்கு. இனிப்பில் அசத்திய அந்த ரகம் பிறகு செவ்வழுகல் நோயில் விழுந்தது. பிள்ளை 86032 அந்த இடத்தைப் பிடித்தது. எண் வாங்கியது 1986. சாகுபடிக்கு அதிகாரபூர்வமாக வெளியானது 2000. பதினாலு வருஷம்!

ஏன் இவ்வளவு நாள்? விடியற்காலையில் ஆண் கதிரைப் பெண் கதிருக்கு மேலே கட்டி, துணிக் கூண்டு போட்டு, மகரந்தத்தை உதிரவிட்டு, விதை சேகரித்து, ஆயிரக்கணக்கான நாற்று வளர்ப்பார்கள். ஒவ்வொரு நாற்றும் ஒரு தனி ஆள். உடன்பிறந்தவர்கள் மாதிரி ஒருவர் போல் ஒருவர் இருக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் நன்றாக நின்றவை மட்டும் தப்பும். பிரிக்ஸ் மீட்டர் என்ற சின்னக் கருவியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இனிப்பு தெரியும். பிறகு கரணை வெட்டிப் பெருக்கி, செவ்வழுகல் கிருமியை வேண்டுமென்றே ஊசியில் ஏற்றிப் பார்த்து, மறுதாம்பு எப்படி வருகிறது என்று பார்த்து, வேறு வேறு ஊர்களில் நட்டுப் பார்த்து... கரும்பு வளர ஒரு வருஷம் ஆகும் என்பதால் ஒவ்வொரு சோதனையும் ஒரு வருஷம். அவசரப்படுத்த வழியில்லை. ஆயிரக்கணக்கில் தொடங்கி ஒன்று தேறினால் பெரிய விஷயம்.

ரகத்தில் ஒரு சதவீத இனிப்புக்கு என்ன மதிப்பு? 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் விலை, 10.25 சதவீதப் பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். பிழிதிறன் என்றால், நூறு கிலோ கரும்பிலிருந்து எத்தனை கிலோ சர்க்கரை கிடைத்தது என்பது. ஒவ்வொரு 0.1-க்கும் 3.46 ரூபாய் ஏறும், இறங்கும். 9.5-க்குக் கீழே போனாலும் 329.05 ரூபாய் உண்டு, அதுதான் தரை. ஒரு சதவீத வித்தியாசம் என்றால் டன்னுக்கு 346 ரூபாய். ஏக்கருக்கு 40 டன் என்று வைத்தால் 13,840 ரூபாய். இதில் ஒரு வேதனையான விஷயம்: கணக்கு ஆலையின் சராசரிப் பிழிதிறனை வைத்துத்தான், மாமா தனியாக நல்ல கரும்பு வளர்த்தால் அதற்கென்று தனி விலை கிடையாது. தமிழ்நாட்டில் பல ஆலைகள் அந்த 9.5 கோட்டுக்குக் கீழேதான் கிடக்கின்றன.

அறுவடையிலும் நேரம்தான் காசு. வெட்டுவதற்கு ஆலை தேதி கொடுக்கணும். அடிப்பகுதிதான் அதிக இனிப்பு என்பதால் தரையை ஒட்டி வெட்டணும். கொழுந்தாடையைக் கழித்து மாட்டுக்குப் போடலாம். வெட்டிய நிமிஷத்திலிருந்து கரும்பு எடையும் இனிப்பும் இழக்கும். ஒரு நாளுக்குள் அரைவைக்குப் போனால் நல்லது. ஒரு வருஷம் மாமாவின் கரும்பு லாரியிலேயே ரெண்டு நாள் வெயிலில் நின்றது. எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். அதைப் பற்றிப் பேசினால் இன்னும் அவர் குரல் மாறும்.

இனி அந்த ஞாபகம் வைக்கச் சொன்ன விஷயம்.

2009-ல் கர்னாலில் உள்ள கோயம்புத்தூர் நிறுவனத்தின் கிளை மையம் கோ 0238 என்ற ரகத்தை வெளியிட்டது. உருவாக்கியவர் பக்ஷி ராம். 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார். மகசூலும் கூட, இனிப்பும் கூட. இரண்டும் ஒன்றாக வருவது அபூர்வம். உத்தரப்பிரதேச விவசாயிகள் கொத்திக்கொண்டு போனார்கள். சில ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் கரும்புப் பரப்பில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரே ரகம். அதாவது, ஒரே செடி. ஆலைகளின் பிழிதிறன் ஏறியது. மாநிலம் நாட்டின் சர்க்கரைக் கிண்ணமானது.

2024 ஜூலை ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு கோளாறான அப்டேட்டில் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு உட்கார்ந்தன. எல்லாரும் ஒரே பூட்டைப் போட்டிருந்தால் ஒரு சாவி போதும். கோ 0238-க்கும் அந்தச் சாவி கிடைத்தது. செவ்வழுகல் என்பது ஒரு பூஞ்சை. கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்து, இடையிடையே வெள்ளைத் திட்டு இருக்கும்; புளித்த சாராய வாடை அடிக்கும். கரணை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பரவும். பூஞ்சை தன்னை மாற்றிக்கொண்டு இந்த ரகத்தை உடைக்கக் கற்றுக்கொண்டதும், வயல் வயலாகக் காய்ந்தது. நோய் வந்த பிறகு தெளித்துக் காப்பாற்றும் மருந்து கிடையாது. பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். கடைசியில் நடவே வேண்டாம் என்று அரசு சொல்லும் நிலை வந்தது.

இதில் ரகத்தை உருவாக்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரலை. அவர் கொடுத்தது நல்ல ரகம். எண்பது சதவீதம் வரை போகவிட்டதுதான் தப்பு. அதற்கு ஆலை, அரசு, விலை எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. பக்கத்து வயலில் 0238 ஏக்கருக்குப் பத்து டன் கூடக் கொடுக்கும்போது, 'பன்முகத்தன்மைக்காக நான் வேற போடுறேன்'னு எந்த விவசாயி சொல்வார்? வாடகை கட்டுற நம்மளே சொல்ல மாட்டோம்.

எரிபொருள் கதைக்கு இப்போதான் வர முடியும், ஏன்னா அது இந்தக் கதையையே தலைகீழாப் புரட்டிப் போடுது.

ஒரு டன் கரும்பு ஆலைக்குள் போனால் தோராயமாக 100 கிலோ சர்க்கரை, 300 கிலோ ஈரச் சக்கை, 45 கிலோ மொலாசஸ் வரும். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். சக்கையைக் கொதிகலனில் எரித்து ஆலை தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும்; மீதியை மின்வாரியத்துக்கு விற்கும். மொலாசஸைப் புளிக்க வைத்தால் எத்தனால். சாற்றையே நேராகப் புளிக்க வைத்தால் டன்னுக்குச் சுமார் 70 லிட்டர். பிரேசில் 1975-லிருந்து இதைத் தேசியத் திட்டமாகவே செய்கிறது. அங்கே சர்க்கரை விலை ஏறினால் சர்க்கரை, எண்ணெய் விலை ஏறினால் எத்தனால் என்று ஆலைகள் திருப்பிக்கொள்ளும். நம்ம ஊர் பெட்ரோல் பங்கில் 2021-லிருந்து இ10 ஸ்டிக்கர் பார்த்திருப்பீங்க: பத்து சதவீதம் வரை எத்தனால். இந்தியா 2025-ல் இருபது சதவீதத்தைத் தொட்டுவிட்டது. ஆனால் அதில் பாதிக்கு மேல் இப்போது மக்காச்சோளம், அரிசி போன்ற தானியத்திலிருந்து வருகிறது. 2023-ல் மழை குறைந்ததும், டிசம்பரில் அரசு ஆலைகளிடம் கரும்புச் சாற்றில் எத்தனால் எடுக்காதீர்கள் என்றது. சில நாட்களில் கொஞ்சம் தளர்த்தியது. தண்ணீர் குடிக்கும் ஒரு பயிரை எரிபொருளுக்கு நம்பினால் மழையையும் நம்பணும். இந்த விஷயத்தில் போட்காஸ்ட்டில் நான் காட்டிய உற்சாகத்தைக் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கறேன்.

ஆனால் இனப்பெருக்கம் செய்பவர்களுக்கு இங்கே ஒரு புதுக் கதவு திறந்திருக்கிறது. நூறு வருஷமாக அவர்கள் செய்தது என்ன? நாணலைக் கலந்து, பிறகு அதன் பங்கைக் குறைத்துக் குறைத்து இனிப்பை மீட்டது. நார் என்றால் எதிரி. நார் கூடினால் அரைவை கஷ்டம். சாதாரண ஆலைக் கரும்பில் நார் 12-லிருந்து 15 சதவீதம். சக்கைதான் வேணும், மொத்த உயிர்ப்பொருள்தான் வேணும்னா? அப்போ நாணலைக் குறைக்கவே வேண்டாம்! எனர்ஜி கேன் என்கிற எரிசக்திக் கரும்பு இதுதான். அமெரிக்காவில் லூசியானாவில் 2007-ல் வெளியான எல் 79-1002 ஒரு வணிகக் கரும்புக்கும் நாணலுக்கும் நேராகப் பிறந்த பிள்ளை. நார் எக்கச்சக்கம், இனிப்பு குறைவு, குளிரைத் தாங்கும், வருஷக்கணக்கில் மறுதாம்பு விடும். கோயம்புத்தூரும் இதே திசையில் வேலை செய்கிறது. இதற்காகப் புதுப் புது நாணல்களைக் கொண்டுவந்து கலப்பதால், ஒரு சில தாத்தாக்களிடம் சிக்கிய பழைய வம்சத்துக்குப் புது ரத்தமும் கிடைக்கும். நாளைய செவ்வழுகலைத் தாங்கும் மரபணு அதில் எங்காவது இருக்கலாம்.

ஆபத்தும் அதே இடத்தில்தான். நாணல் அடங்காத புல். பனாமா கால்வாயைச் சுற்றியுள்ள நிலங்களை ஆக்கிரமித்துக் கிடக்கிறது. அமெரிக்க அரசின் களைப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. நாணல் அதிகமான ரகம் வேலிக்கு வெளியே போனால் யார் பிடுங்குவது?

கம்ப்யூட்டர் இதைச் சுலபமாக்காதா என்று கேட்பீங்க. ரீயூனியன் தீவின் ஆர்570 என்ற ரகத்தின் முழு ஜீனோம் 2024-ல்தான் நேச்சரில் வந்தது. நெல்லுக்கு முடிந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆன பிறகு. காரணம் மேலே பார்த்த அதே கணக்கு: நூற்றுக்கும் மேற்பட்ட குரோமோசோம், பெரும்பாலான மரபணுவுக்குப் பத்து வரை காப்பி. ஒரே ஃபைலைப் பத்துப் பேர் தனித்தனியாச் சேமிச்சு, ஒவ்வொருத்தரும் ரெண்டு ரெண்டு வரி மாத்தி, எல்லாத்தையும் கிழிச்சு ஒரே மூட்டையில் கொட்டினா எப்படி ஒட்ட வைப்பீங்க? அதுதான் பிரச்சினை. ஆனாலும் அந்த வரைபடத்தில், பழுப்புத் துரு நோயைத் தடுக்கும் பகுதியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு மரபணுக்களைச் சந்தேகப் பட்டியலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாற்றிலேயே டி.என்.ஏ பார்த்துக் கழித்தால் பதினாலு வருஷத்தில் சில வருஷம் மிச்சமாகும். வயலில் நிற்கும் அந்த ஒரு வருஷத்தை மட்டும் எந்த ஜிபியுவும் சுருக்காது.

மாமாவுக்கு வருவோம். 'பழைய ரகம் ஓய்ஞ்சு போச்சு' என்பது பாதி உண்மைதான் என்று தெரிந்தது. மரபணு அப்படியே இருக்கும், காப்பி பழசாகாது. ஆனால் அதே வயலின் கரணையையே திரும்பத் திரும்ப வெட்டி நட்டால், மஞ்சள் இலை நோய் மாதிரியான வைரஸ்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகும். நல்ல ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் மால்வேர் சேர்ந்த மாதிரி. குருத்து நுனியை மட்டும் எடுத்துத் திசு வளர்ப்பில் வளர்த்தால் வைரஸ் நீங்கிய நாற்று கிடைக்கும். அதில் 86032-இன் மகசூல் மீள்வதைக் கோயம்புத்தூர் ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். ஃபிரெஷ் இன்ஸ்டால்.

இதை எல்லாம் ஏழு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். எல்லாத்தையும் ஒரே ரகத்தில் போட வேண்டாம், செவ்வழுகல் வந்த வயலில் இருந்து கரணை வாங்க வேண்டாம், ஆய்வு நிலையத்தில் சுத்தமான நாற்று கேட்டுப் பாருங்க என்று.

ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்தது. "அவ்வளவு நீளமா எதுக்குப் பேசுற? பருசீவல் நாத்துக்குச் சொல்லி வச்சிட்டேன். ரெண்டு ஏக்கர் பழசு, ஒரு ஏக்கர் புதுசு. ஆலைக்காரன் மூணும் புதுசு போடுன்னான். நான் மாட்டேன்னுட்டேன். அது சரி, நம்ம கொல்லை வரப்புல நாணல் நிக்குதே, அதைப் பிடுங்கவா, விடவா?"

வாய்க்காலை அடைக்கலைன்னா விட்டுடுங்க மாமான்னு சொல்லியிருக்கேன்.

அடுத்த மடலில் சந்திப்போம்.